பழைய ஆவணத்தில் வரும் அரிய ஆங்கிலச் சொல்லின் பொருளையும் வழக்கையும் கண்டறியும் முறை: ‘அனிகட்’ என்னும் சொல்லை எடுத்துக்காட்டாகக் கொண்டு

கன்னியாகுமரி மாவட்டத்தின் பழைய பாசன அறிக்கைகளையோ நில ஆவணங்களையோ படிக்க முற்படுவோர்க்கு முதலில் இடறுவது மொழியே. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூரோடும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியோடும் இணைந்திருந்தமையால், ஒரே வாய்க்காலைப் பற்றிய செய்தி ஓரிடத்தில் மலையாளத்திலும் ஓரிடத்தில் தமிழிலும் மற்றோரிடத்தில் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. அந்த ஆங்கிலமும் நாம் பள்ளியில் கற்ற ஆங்கிலம் அன்று. அனிகட், கலிங்குலா, கச்சேரி (அரசு அலுவலகம்), பொறம்போக்கு என்று வரிக்கு வரி வரும் சொற்கள் இலண்டனில் பிறந்து வளர்ந்தவருக்கும் விளங்காதவை. ஆனாலும் ஆங்கில நூல்களிலும் அரசு ஆவணங்களிலும் ஆங்கிலச் சொற்களாகவே புழங்கியவை. அவற்றுள் அனிகட் (anicut) என்னும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன் பொருளையும் அது வழங்கிவந்த வரலாற்றையும் படிப்படியாக எவ்வாறு கண்டறிவது என்பதை இங்கே விளக்குகிறேன். உள்ளூர் வரலாறு எழுதும் மாணவர்களுக்கும், தங்கள் ஏலாவின் (வயற்பரப்பின்) நீர்வரத்து உரிமையைப் பழைய தாள்களில் தேடும் விவசாயிகளுக்கும் இம்முறை பயன்படும்.

சொல்லைக் கண்டவுடன் அகராதியைத் திறக்க வேண்டாம். முதலில் அச்சொல் இடம்பெற்ற வாக்கியம் முழுவதையும், அதற்கு முன்னுள்ள ஒரு வாக்கியத்தையும் பின்னுள்ள ஒரு வாக்கியத்தையும் எழுத்துக்கு எழுத்து மாறாமல் ஒரு தாளில் படியெடுத்துக்கொள்ளுங்கள். பிழையென்று தோன்றும் எழுத்தையும் திருத்தாதீர்கள். இரண்டு ‘என்’ எழுத்துகள் இருந்தால் இரண்டையும் எழுதுங்கள்; பெரிய எழுத்தில் தொடங்கியிருந்தால் அப்படியே எழுதுங்கள். சொல்லுக்கு முன் ‘தி’ என்னும் சுட்டு வருகிறதா, ‘ஆன்’ வருகிறதா, சொல் ஒருமையா பன்மையா என்பவற்றைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். எழுதியவர் யார், எந்த ஊரிலிருந்து எழுதினார், எந்த ஆண்டில் எழுதினார், எந்தப் பக்கம் என்பவையும் தாளில் இருக்க வேண்டும். இவை அற்பமான விவரங்களாகத் தோன்றலாம். ஆனால் இந்தச் சொல்லின் வரலாற்றில் பாதிக்கு மேற்பட்ட செய்தியை நமக்குத் தருவன சுட்டும் ஒருமை பன்மையுமே என்பதைச் சற்றுப் பின்னர் காண்போம்.

அடுத்து, சொல்லை வாய்விட்டுப் படியுங்கள். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் இந்தியாவில் பணியாற்றிய ஆங்கிலேயர்கள் நம் சொற்களைக் காதால் கேட்டுத் தங்கள் எழுத்துவழக்கத்தில் எழுதினார்கள். அவர்களுடைய ‘யு’ என்னும் எழுத்து பெரும்பாலும் நம் அகரத்தைக் குறிக்கும். கடலூரின் பழைய ஆங்கில எழுத்துக்கோவையில் முதல் உயிரெழுத்து ‘யு’ என்பதையும், பஞ்சாப், பண்டிதர், கச்சேரி ஆகிய சொற்களிலும் அவ்வாறே வருவதையும் நினைத்துப் பாருங்கள். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் அனிகட் என்பதன் இறுதிப் பகுதி ‘வெட்டு’ என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல் அன்று, நம் ‘கட்டு’ என்பது உடனே புலப்படும். இங்கே கவனம் தேவை. அணையிலிருந்து வாய்க்கால் வெட்டப்படுவதால், வெட்டு என்ற பொருளே பொருத்தமாக இருக்கிறதே என்று மனம் எளிதில் சமாதானம் அடைந்துவிடும். எழுத்து ஒற்றுமையால் மட்டும் தோன்றும் விளக்கத்தை, வேறு சான்று கிடைக்கும்வரை ஏற்க வேண்டாம்.

1800-க்கு முந்திய அச்சுப் பிரதியைப் படிப்பவர்கள் மற்றொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அக்காலத்து அச்சில் ‘எஸ்’ என்னும் எழுத்து, சொல்லின் இறுதியைத் தவிர ஏனைய இடங்களில் நீண்ட வடிவில், கிட்டத்தட்ட ‘எஃப்’ போலவே இருக்கும். இணையத்தில் உள்ள பிரதிகளை ஓசிஆர் (படத்திலுள்ள எழுத்தை இயந்திரம் படித்தறியும் முறை) வழியாகத் தேடும்போது இயந்திரமும் இந்த எழுத்தில் அடிக்கடி தவறுகிறது. ஆதலால் ஒரே எழுத்துக்கோவையைத் தேடிவிட்டு ‘இல்லை’ என்று முடிவுகட்டக் கூடாது. அனிகட் என்பதை ஒற்றை ‘என்’ வைத்தும், இரட்டை ‘என்’ வைத்தும், நடுவில் ‘ஐ’க்குப் பதிலாக ‘ஏ’ வைத்தும், இறுதியில் இரட்டை ‘டி’ வைத்தும் தேட வேண்டும்.

இப்பொழுது அகராதிகளைத் திறக்கலாம். இவற்றை ஒரு வரிசைப்படி அணுகுவது நல்லது. முதலில் ஹாப்சன்-ஜாப்சன் என்று அறியப்படும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியம். ஹென்றி யூலும் ஆர்தர் கோக் பர்னெலும் தொகுத்த இந்நூல் 1886-ல் வெளிவந்தது. வில்லியம் குரூக் பதிப்பித்த இரண்டாம் பதிப்பு 1903-ல் வந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். தஞ்சை அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை செய்தவர். நூல் அச்சாவதைக் காணாமலே 1882-ல் இறந்துபோனார். காவிரிப் பாசனத்தின் நடுவே வாழ்ந்த ஒருவரின் கை பட்ட நூல் என்பதால், நீர்ப்பாசனச் சொற்களுக்கு இதை நான் பெரிதும் மதிக்கிறேன். அனிகட் என்பது அணை, கட்டு என்னும் தமிழ்ச் சொற்களின் சேர்க்கை என்று அந்நூல் தெளிவாகச் சொல்கிறது. ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டு, அதிலிருந்து பிரியும் வாய்க்கால்களுக்கு நீரை நிரப்பி ஒழுங்குசெய்யும் அணை என்று பொருளும் தருகிறது.

அடுத்துப் பார்க்க வேண்டியது ஹெச். ஹெச். வில்சன் 1855-ல் வெளியிட்ட நீதி, வருவாய்த்துறைச் சொற்களின் அகராதி. இந்திய மொழிச் சொற்களை அவற்றின் சொந்த எழுத்திலேயே அவர் தருவதால், ஆங்கில எழுத்துக்கோவையால் எழும் ஐயம் பல இடங்களில் இதிலேயே தீர்ந்துவிடும். பின்னர் ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி. சொல் ஒவ்வொன்றுக்கும் ஆண்டு வாரியாக மேற்கோள் தருவதே இந்த அகராதியின் தனிச்சிறப்பு. 1884-ல் வெளிவந்த அதன் முதல் பகுதி ‘ஏ’ தொடங்கி ‘ஆன்ட்’ வரையிலான சொற்களைக் கொண்டது. அகரவரிசைப்படி அனிகட்டின் இடம் அந்த முதல் பகுதிக்குள்ளேயே அமைகிறது. தமிழ்ப் பக்கத்தில் வின்சுலோவின் 1862-ஆம் ஆண்டு அகராதியும், 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் போதும். ஹாப்சன்-ஜாப்சன், வின்சுலோ, லெக்சிகன் ஆகிய மூன்றையும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் தெற்காசிய மின்னகராதித் தளத்தில் கட்டணமின்றித் தேடலாம் என்பதால், நாகர்கோவிலிலிருந்து சென்னை கன்னிமாரா நூலகத்துக்குப் பேருந்து ஏற வேண்டிய தேவை இன்று இல்லை.

பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அகராதி தரும் ஒருவரிப் பொருளைப் பெற்றவுடன் வேலை முடிந்ததாகக் கருதுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. அகராதியின் பொருள் விளக்கம் என்பது அதைத் தொகுத்தவர் தம் முன்னிருந்த வாக்கியங்களிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு. அந்த வாக்கியங்களையே ஆண்டு வரிசையில் அடுக்கிவைத்து நாமே படித்துப் பார்த்தால்தான், சொல் எந்தக் காலத்தில் எந்த அளவுக்குப் பொருளை ஏற்றது என்பது விளங்கும்.

அனிகட்டுக்கு ஹாப்சன்-ஜாப்சன் எடுத்துக்காட்டும் பழைய மேற்கோள்கள் 1776, 1784, 1793 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. முதலாவது, தஞ்சாவூர்ப் படைத்தலைவருக்குச் சென்னை ஆட்சிமன்றம் எழுதிய கடிதம். கரை பழுதுபார்க்கப்படுவதைக் காண ராஜா அணைக்குச் செல்ல விரும்பினால் தடையில்லை என்று அது கூறுகிறது. இரண்டாவது, கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர் மன்றம் இலண்டனிலிருந்து அனுப்பிய ஆணை. தஞ்சை நாட்டின் சாகுபடி முழுவதும் காவிரி நீரையே நம்பியிருக்கிறது, அணையையும் கரைகளையும் பழுதின்றி வைத்திருந்தால்தான் அந்நீர் கிடைக்கும் என்று அதில் வற்புறுத்தியிருக்கிறார்கள். மூன்றாவது, தஞ்சையில் இருந்த ஓர் அதிகாரியோடு நடந்த கடிதப் போக்குவரத்தில் வருவது. அணை சோழராஜா செய்வித்ததாயினும் வேறெவர் செய்வித்ததாயினும் அறிவோடு கட்டப்பட்ட கட்டுமானம்தான் என்று அதில் ஒருவர் எழுதுகிறார். ஆங்கில மூலத்தில் சோழர் என்பது, சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் எழுத்துக்கோவையிலேயே இருக்கிறது. வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் இல்லாதவர் அதைச் ‘சூரியராஜா’ என்று மொழிபெயர்த்துவிட்டு, இல்லாத ஓர் அரசனைத் தேடத் தொடங்குவார்.

இம்மூன்று வாக்கியங்களிலும் சுட்டு என்ன செய்கிறது என்று இப்பொழுது பாருங்கள். மூன்றிலும் சொல் ஒருமையில், ‘தி’ என்னும் சுட்டோடு வருகிறது. எந்த அணை என்று எழுதியவர் சொல்லவில்லை, படிப்பவரும் கேட்கவில்லை. தஞ்சை நாட்டில் ‘அணை’ என்றால் எது என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது. அது கல்லணை என்று கொள்வதே பொருத்தம். ஆகவே ஆங்கிலத்தில் புகுந்தபோது இச்சொல் கிட்டத்தட்ட ஓர் இடப்பெயராகவே நின்றது எனலாம். அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை மாறுகிறது. ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் 1836-ஐ ஒட்டிக் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பிலும், கீழே அணைக்கரையிலும் புதிய அணைகளைக் கட்டினார். ஒன்று மூன்றானதும் வெறும் சுட்டு போதவில்லை. மேலணை, கீழணை, பேரணை என்று அடைமொழிகள் சேர்க்கப்பட்டன. ஆங்கில ஆவணங்களில் கல்லணை ‘கிராண்ட் அனிகட்’ என்று பெயர் பெற்றிருப்பது இதனால்தான் பொருள்படுகிறது. ஆவணத்தில் இச்சொல் அடைமொழியோடு வந்தால், எழுதியவருக்கு அந்த இனத்தில் ஒன்றுக்கு மேற்பட்டவை தெரியும் என்று கொள்ளலாம். பன்மையில் வந்தாலோ அது பொதுப்பெயராகிவிட்டது என்பதில் ஐயமே இல்லை.

இதன் பின்னர் சொல் வடக்கே செல்கிறது. கோதாவரியில் தவளேசுவரத்தில் 1847 முதல் 1852 வரையிலும், கிருஷ்ணாவில் பெசவாடாவில் (இன்றைய விஜயவாடா) அதற்கடுத்த ஆண்டுகளிலும் எழுந்த அணைகள் அதே பெயரால் ஆங்கில அறிக்கைகளில் குறிக்கப்பட்டன. ஆழம் காண முடியாத தளர்ந்த மணலில் அடித்தளம் இடும் முறையைப் பழைய அணைகளைக் கட்டியவர்களிடமிருந்தே தாங்கள் கற்றதாகக் காட்டன் எழுதியிருக்கிறார். தொழில்நுட்பத்தை எவரிடமிருந்து பெற்றார்களோ அவர்களுடைய சொல்லையும் சேர்த்தே பெற்றார்கள் என்பதை நான் மகிழ்ச்சியோடு சுட்டிக்காட்டுகிறேன்.

மூலமொழியை உறுதிசெய்வதில் குமரி மாவட்டத்தார் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். மலையாளத்தில் அணக்கெட்டு என்பார்கள், தெலுங்கில் ஆனகட்ட, கன்னடத்தில் அணெகட்டு. நம்மிடம் உள்ள ஆவணம் திருவிதாங்கூர்க் காலத்ததாக இருப்பதால், ஆங்கிலச் சொல்லும் மலையாளத்திலிருந்து வந்ததாகக் கருதத் தோன்றும். ஒலியை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. இங்கே உதவுவது காலமும் இடமுமே. மேலே கண்ட மூன்று பழைய சான்றுகளும் தஞ்சாவூரைச் சேர்ந்தவை. கோதாவரி, கிருஷ்ணா அணைகளோ அவற்றுக்கு அரை நூற்றாண்டுக்கு மேல் பிற்பட்டவை. எனவே சொல் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று, அங்கே நிலைபெற்ற பின்னரே பிற பகுதிகளின் ஆங்கில ஆவணங்களில் பரவியது என்று முடிவு செய்வதற்குப் போதிய ஆதாரம் இருக்கிறது. தமிழிலும் இக்கட்டுமானத்துக்கு ஒரே பெயர் மட்டும் இருந்ததில்லை. ஓடிவரும் புனலைத் தாங்கி நிற்பதைக் ‘கற்சிறை’ என்று தொல்காப்பியம் சொல்கிறது. பழைய மலையாள ஆவணங்களில் ‘சிற’ என்று வருமிடத்தைப் படிக்கும்போது இந்தச் சிறையை நினைவில் கொள்ளுங்கள்.

அடுத்த படி, பொருளைக் கண்ணால் காண்பது. இதில் நம் மாவட்டத்தாருக்குக் கிடைத்துள்ள வாய்ப்பு மிகப் பெரிது. அணை என்னும் ஒரே சொல்லால் நாம் இரண்டு வெவ்வேறு கட்டுமானங்களைக் குறிக்கிறோம். பேச்சிப்பாறை அணை, 1897-ல் வேலை தொடங்கி 1906-ல் மூலம் திருநாள் மகாராஜா காலத்தில் முடிந்தது. பொறியாளர் மிஞ்சினின் பெயர் இன்றும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. கோதையாற்றின் நீரை 48 அடி வரை தேக்கிவைப்பது அதன் வேலை. பரளியாற்றில் உள்ள பெருஞ்சாணியும் 77 அடி கொள்ளும் தேக்கமே. ஆனால் பெருஞ்சாணிக்குக் கீழே அதே ஆற்றில் உள்ள புத்தன் அணையின் வேலை வேறு. இரு தேக்கங்களிலிருந்தும் வரும் நீரைத் தடுத்து, மட்டத்தை உயர்த்தி, பாண்டியன் கால்வாயிலும் பத்மநாபபுரம் புத்தனார் கால்வாயிலும் திருப்பிவிடுவதே அதன் பணி. பழையாற்றின் வழியே கீழே வந்தால் பள்ளிகொண்டான் அணை, சபரி அணை, குமரி அணை, சோழன்திட்டை அணை என்று வரிசையாக உள்ளவையும் அத்தகையனவே.

ஜூன் முதல் பிப்ரவரி வரை பாசனத்துக்குத் தண்ணீர் திறந்திருக்கும் மாதங்களில், மழை ஓய்ந்த ஒரு காலையில் பழையாற்று அணை ஒன்றின் கரையில் நின்று பாருங்கள். மேற்பக்கம் நீர் அசைவின்றிக் கரையளவுக்கு நிற்கும். பக்கத்து மதகின் வழியே அது ஓசையின்றி வாய்க்காலுக்குள் நழுவும். மிஞ்சியது சுவரின் முதுகின் மேல் மெல்லிய தகடாக வழிந்து, கீழே கற்களில் மோதி நுரைக்கும். வெள்ளக் காலத்திலோ சுவரே தெரியாதபடி ஆறு அதன் மேல் ஏறிச் செல்லும். சுவர் அதற்கென்றே தாழ்வாகக் கட்டப்பட்டது. தேக்கிவைப்பது அன்று, மட்டத்தை உயர்த்தித் திருப்புவதும் மிஞ்சியதை மேலே வழியவிடுவதும் என்னும் இந்த வேலையைத்தான் அனிகட் என்ற சொல்லால் பொறியாளர்கள் குறித்தார்கள். முல்லைப் பெரியாறு, பேச்சிப்பாறை, மேட்டூர் போன்ற தேக்கங்களுக்கு ஆங்கிலத்தில் ‘டேம்’ என்ற பெயரே நிலைத்தது. பெசவாடா அணை 1952-ல் உடைந்து, அதன் இடத்தில் 1957-ல் கதவுகளோடு எழுந்த புதிய கட்டுமானத்துக்குப் பிரகாசம் ‘பேரேஜ்’ என்று பெயர் வந்தது. தமிழில் அதைக் கதவணை என்கிறோம். ஆகவே பழைய ஆங்கில ஆவணத்தை மொழிபெயர்ப்பவர்கள் அனிகட், டேம், பேரேஜ் ஆகிய மூன்றுக்கும் வெறுமனே ‘அணை’ என்று எழுதிச் செல்லக் கூடாது. திருப்பணை அல்லது வழிந்தோடும் அணை, தேக்கணை, கதவணை என்று பிரித்து எழுதினால், எவருக்கு எந்த நீரில் உரிமை இருந்தது என்ற வழக்கில்கூட அது உதவும்.

இது ஒருபுறமிருக்க, தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குச் சென்ற அதே பாசனத்தில் ஆங்கிலச் சொல் ஒன்று தமிழுக்கு வந்து தங்கிவிட்டது. நாஞ்சில் நாட்டில் வயலுக்குப் போகிறவர் ‘கால்வாயில் நீர் வந்துவிட்டதா’ என்று கேட்பதில்லை. ‘சானல்ல தண்ணி வந்தாச்சா’ என்றுதான் கேட்பார். தோவாளைச் சானல், அனந்தனார் சானல் என்பவையே மக்கள் வாயில் வழங்கும் பெயர்கள். ஆவணங்களில் இரு பெயர்களையும் தேட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பழைய வழக்கைக் கண்ட பின், சொல் இன்றும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பொது ஆங்கிலத்தில் அனிகட் இன்று அரிய சொல்லே. ஆனால் இந்தியப் பொறியாளர்களின் எழுத்திலும் இலங்கை ஆங்கிலத்திலும் அது மறையவில்லை. எல்லாவற்றிலும் வியப்பானது, இராஜஸ்தானில் ஓடைகளின் குறுக்கே மழைநீரைத் தடுக்கக் கட்டும் சிறு அணைகளை இந்தி பேசும் மக்களும் அரசும் ‘எனிகட்’ என்றே வழங்குவது. காவிரிக் கரையில் தோன்றிய சொல் ஆங்கிலத்தின் வழியே பாலைநிலத்து இந்தியில் குடியேறியிருக்கிறது. அங்கே அதன் பொருளும் சற்றே நகர்ந்திருக்கிறது. வாய்க்காலுக்கு நீரைத் திருப்புவதைவிட, நீரை நிறுத்தி நிலத்தடிக்கு இறக்குவதே அங்கு முதன்மை. நாம் தடுப்பணை என்று சொல்வதற்கு அது நெருங்கியது. எனவே எந்த ஊர், எந்த ஆண்டு என்று பாராமல் ஒரே பொருளை எல்லா இடத்திலும் பொருத்த வேண்டாம்.

கடைசியாக, கண்டறிந்ததை ஒரு குறிப்பாக எழுதிவைக்க வேண்டும். அதில் ஊகம் எது, சான்று எது என்பது வேறுபட்டுத் தெரிய வேண்டும். அனிகட்டுக்கு நான் எழுதும் குறிப்பு இவ்வாறு அமையும்:

அனிகட் – பெயர்ச்சொல், ஆங்கிலோ-இந்திய வழக்கு. தமிழ் ‘அணைக்கட்டு’ என்பதிலிருந்து. ஒற்றை ‘என்’, இரட்டை ‘என்’ எனப் பலவாறு எழுதப்படும். (1) தஞ்சை நாட்டு ஆவணங்களில், ‘தி’ என்னும் சுட்டோடு, காவிரியின் அணை, கல்லணை ஆகலாம், சான்று 1776, 1784, 1793. (2) ஆற்றின் குறுக்கே தாழ்வாகக் கட்டப்பட்டு, நீர்மட்டத்தை உயர்த்தி வாய்க்கால்களுக்குத் திருப்பி, மிகைநீரை மேலே வழியவிடும் அணை; 1836-க்குப் பின் காவிரி, கோதாவரி, கிருஷ்ணா ஆகிய ஆறுகளில்; குமரி மாவட்டத்தில் ஒப்பிடத்தக்கவை புத்தன் அணையும் பழையாற்று அணைகளும். (3) இராஜஸ்தான் வழக்கில், ஓடைத் தடுப்பணை. தேக்கணையைக் குறிக்க வழங்கினால் அந்த இடத்தைத் தனியே ஆராய்க.

இக்குறிப்பின் கீழே, நீங்கள் முதலில் படியெடுத்த வாக்கியத்தை அதன் ஆண்டு, பக்க எண்ணோடு சேர்த்து, இந்த மூன்றில் எந்தப் பொருளில் அது வருகிறது என்று எழுதுங்கள். மூன்றில் எதிலும் அடங்காவிட்டால் நான்காவதாக ஓர் எண்ணிட்டு அதைத் தனியே வையுங்கள். ஏரியின் மிகைநீர் வழியும் இடத்துக்குச் சென்னை மாகாணத்துப் பொறியாளர்கள் வழங்கிய ‘கலிங்குலா’ என்ற சொல்லையும் இதே முறையில் ஆராயலாம். அதன் பின்னே இருக்கும் தமிழ்ச் சொல் கலிங்கல். நம் மாவட்டத்தில் அதை மறுகால் என்பதால், உள்ளூர் ஆவணங்களில் இரண்டு பெயர்களையும் சேர்த்தே தேடத் தொடங்குங்கள்.